70-ன் அகலம், 95-ன் நீளம்: திருப்பூர் பனியன் உற்பத்தியாளர்களுக்கு ஒரு மடல்

திருப்பூர் பனியன் உற்பத்தியாளர்களுக்கு வணக்கம். உங்களிடம் ஒரு பனியன் கேட்டு எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் ஆறு வருடம் செக்கிங்கில் வேலை பார்த்தவள் நான். பிசிர் வெட்டியிருக்கிறேன், கைமடித்திருக்கிறேன், தையல் விட்டுப்போன பீஸை ஒதுக்கிப் போட்டிருக்கிறேன். கல்யாணத்தோடு அதெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு மறுபடியும் செக்கிங்தான். பீஸ் ஒன்றே ஒன்று, என் மகளின் முதுகு. எங்கே சிவந்திருக்கிறது, எந்தத் தையல் பதிந்திருக்கிறது என்று பார்க்கிறேன்.

அவளுக்கு வயது 13. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிற ஸ்கோலியோசிஸ். வளைவு 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குள் இருந்து, பிள்ளை இன்னும் வளர்கிற வயதில் இருந்தால் பிரேஸ் போடச் சொல்வார்கள். இவளுக்கு 32. அக்குளில் தொடங்கி இடுப்பெலும்புக்குக் கீழே வரை கெட்டிப் பிளாஸ்டிக் கூடு, வளைவைத் தள்ளவேண்டிய இடத்தில் உள்ளே பேட். எங்கள் தெருவில் இதை ‘பெல்ட்’ என்கிறார்கள். இடுப்பில் கட்டுகிற ஏதோ ஒன்று என்று நினைத்து, “அவ்வளவுதானே” என்று போய்விடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு 18 மணி நேரம் போடவேண்டும். அமெரிக்க, கனடா மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. அதைத் தொட்டால் ஆபரேஷன் பேச்சு வந்துவிடும். போடாமல் கவனித்து மட்டும் வந்தவர்களில் அது 48 சதவீதம். பிரேஸுக்குள் வெப்பம் அறியும் சின்னக் கருவி வைத்து, பிள்ளைகள் நிஜமாகவே எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள். சராசரியாகப் பதின்மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பித்தார்கள். அதனால் எங்களுக்கு மணிக்கணக்குதான் மருந்து. எங்கள் வீட்டில் அந்த மணிக்கணக்கைத் தின்பது உள்ளே போடுகிற துணி.

பிரேஸோடு இரண்டு துண்டு குழாய்த் துணி கொடுத்தார்கள், மாவுக்கட்டுக்கு உள்ளே மாட்டுகிற அதே துணி. இரண்டு தடவை துவைத்ததும் தொளதொளத்து, கீழிருந்து சுருண்டு மேலே ஏறிவிட்டது. சரி என்று அவளுடைய ஷிம்மியையே போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் பிரேஸைக் கழற்றினால் இடது விலாவில் ஏணி மாதிரி ஒரு தடம். துணி ஓரத்தில் போடுகிற ஓவர்லாக் தையல், அச்செடுத்ததுபோல. அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு சதுரம். வாஷ்கேர் லேபிள்! லேபிள் இல்லாத பீஸை நானே எத்தனை தடவை ரிஜெக்ட் செய்திருப்பேன்.

பேட் அழுத்துகிற இடம் சிவப்பது சகஜம், கழற்றி அரை மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும் என்றார் பிரேஸ் செய்தவர். இது மறையவில்லை. மூன்றாம் நாள் தோல் உரிந்தது. ஆறுகிறவரை பிரேஸ் போட முடியாது, நான்கு நாள் போச்சு. பவுடர், எண்ணெய் எதுவும் உள்ளே தடவவும் கூடாது.

அப்புறம்தான் என் அப்பாவின் பனியன் ஞாபகம் வந்தது. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, உடம்புச் சுற்றளவுக்கே வட்டமாக ஓட்டி எடுத்த துணி, பக்கத்தில் தையலே கிடையாது. தையல் இருப்பதெல்லாம் தோளிலும், கழுத்து, கைக்குழி ஓரங்களிலும், கீழ் மடிப்பிலும்தான். தோள்வரை பிரேஸ் வருவதில்லை. கீழ் மடிப்பு பிரேஸைத் தாண்டி வெளியே வந்துவிடும். எங்களுக்கு வேண்டியதே அதுதான். தையல் இருக்கட்டும், பிரேஸுக்கு வெளியே இருக்கட்டும்.

ஆனால் தாத்தாவின் பனியன் பேத்திக்கு அகலம். மிச்சத் துணி உள்ளே மடிந்துகொள்கிறது, மடிப்பு தையலைவிட மோசம். பையன்களின் 70 அளவு வாங்கினேன், மார்புச் சுற்றளவு சென்டிமீட்டரில். உடம்பைப் பிடித்து அழகாக நின்றது, நீளம் இடுப்போடு முடிந்துவிட்டது. கீழ் விளிம்பு இடுப்பெலும்பில் நேராக உரசியது. உங்கள் அளவுக் கணக்கில் அகலமும் நீளமும் சேர்ந்தே ஏறும். எனக்கு 70-ன் அகலமும் 95-ன் நீளமும் வேண்டும். கைக்குழி இவ்வளவு இறங்கக்கூடாது. அக்குளில் ஏறி நிற்கிற பிளாஸ்டிக் விளிம்பின்மேல் மடித்துவிட ஒரு சின்னத் துணி நாக்கு வேண்டும். லேபிளைத் தைக்காமல் கழுத்துக்குக் கீழே அச்சடித்துவிடுங்கள். துணியில் கொஞ்சம் லைக்ரா, அந்த இழுபடுகிற நூல், இருந்தால் சுருக்கம் விழாது. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று மாற்றவேண்டியிருக்கிறது, அதனால் ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்திருக்கவும் வேண்டும். துவைத்தபின் நீளம் சுருங்கினால் எல்லாம் வீண், பின்னால் சுருங்காமல் துணியை முன்பே அழுத்தி எடுக்கிற கம்பாக்டிங்கில் கவனம் வையுங்கள்.

அடுத்ததைச் சொல்லக் கூச்சப்பட்டால் காரியம் ஆகாது. பிராவின் ஹூக்கும் வளையமும் பிரேஸுக்குள் மாட்டிக்கொண்டால் ஆணிபோலக் குத்தும். அதே பனியனில் முன்பக்கம் மட்டும் இரட்டைத் துணி வைத்தால் போதும், மார்புக்குக் கீழே எலாஸ்டிக் வேண்டாம். ஜட்டியை எங்கள் பிள்ளைகள் பிரேஸுக்கு மேலேதான் போடுகிறார்கள். இவளுடைய பிரேஸின் பட்டைகள் முதுகில் இருக்கின்றன, பள்ளிக்கூடக் கழிப்பறையில் தனியாகக் கழற்றி மாட்ட வராது. பிளாஸ்டிக்கைச் சுற்றி ஏற இரண்டு அளவு பெரியதாக வாங்குகிறோம், தொடையில் தொளதொளவென்று நிற்கிறது. மாதவிலக்கு நாட்களில் அதற்காகவே பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். இடுப்பு பெரியது, தொடை சின்னது. பேட்டர்ன் மாஸ்டருக்கு இது ஒரு மத்தியான வேலை.

இதற்கு மார்க்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், நியாயம்தான். வளர் இளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த வளைவு உண்டு, அதில் பிரேஸ் வரை போகிறவர்கள் கொஞ்சம்தான். நீங்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறவர்கள். ஆனால் முதுகெலும்பில் காசநோய் வந்தவர்களும், விழுந்து எலும்பு முறிந்தவர்களும் இதே மாதிரிக் கூட்டைத்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் பிரேஸுக்கென்றே தையலில்லாத பனியன் விற்கிறார்கள். அதை வரவழைத்து, ஒரு பிள்ளைக்கு ஆறு ஏழு வாங்க எங்களைப் போன்றவர்களால் முடியாது. உலகத்துக்கே பனியன் அனுப்புகிற ஊர் பக்கத்தில் இருக்கும்போது அப்படி வாங்கவும் மனசு வரவில்லை.

ஒரு கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். ஐந்நூறு பீஸுக்குக் கீழே மிஷின் ஏற்ற முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. தனியாக மிஷின் ஏற்றவேண்டாம், பையன்கள் பனியனுக்கு ஓடுகிற அதே துணியில் ஒரு ரோலை மட்டும் நீளமாக வெட்டுங்கள் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் ஊர் காதர்பேட்டையில் குழாய்த் துணி வாங்கி நானே ஒன்று தைத்துப் பார்த்தேன். கைக்குழி கொஞ்சம் கோணல். அதைப் போட்டுக்கொண்டு அவள் ஒன்பது மணி நேரம் கழற்றாமல் இருந்தாள். உங்களில் யார் கூப்பிட்டாலும் அந்தச் சாம்பிள் பீஸையும் அட்டையில் வெட்டிய அளவையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பிரேஸையும் கொண்டுவருவேன், ஆனால் ஒரு மணி நேரத்தில் திரும்பவேண்டும். அவளுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் செக்கிங் தொழிலாளி, ஒரு பிரேஸ் பிள்ளையின் அம்மா