பெற்றோர் ஆசிரியர் கழகம்: 2024–25 ஆண்டறிக்கை

பேரவைக்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

குடிநீர்த் தொட்டியைச் சரிசெய்தது, சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தது எல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்ததுதான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது ஐந்தாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நடந்த கதையாட்டத்தைப் பற்றி.

2022இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ கற்பித்தல் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் ஆடலும் பாடலும் பாடத்தோடு கலந்துவிட்டன. அங்கே டீச்சர் செய்து காட்டுவதைப் பிள்ளைகள் செய்வார்கள். ஐந்தாம் வகுப்பில் கதையை மட்டும் கொடுத்துவிட்டு, அதை உடம்பால் எப்படிச் சொல்வது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டோம்.

திரௌபதி அம்மன் கோயில் கூத்துகள் ஓய்ந்திருந்த ஐப்பசியில், பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியார் மூன்று வெள்ளிக்கிழமை வந்தார். இரண்டு பேர் போர்வையைத் திரையாகப் பிடிக்க, பின்னாலிருந்து ஒரு பாத்திரம் எப்படி வெளிப்பட வேண்டும் என்று காட்டினார். நம் பிள்ளைகள் துரியோதனன் சாகும் படுகளக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

மனுநீதிச் சோழன் கதைதான் மறக்க முடியாதது. பசுவாக வந்த சிறுமி அழவே இல்லை. நாலு அடி நடப்பாள், கன்று கிடந்த பக்கம் திரும்பிப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். மணிக்கயிற்றை அவள் பிடித்தபோது வகுப்பே அமைதியானது. தேர்ச்சக்கரமாக உருண்டவன், வாய்விட்டு வாசிக்கவே கூச்சப்படும் பையன். ஆடி முடித்ததும் ஆளுக்கொரு வரி சொல்ல வேண்டும். ‘சக்கரம் நின்னுடுச்சு, கன்னு எழுந்திருக்கல’ என்றான். டீச்சர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, கீழே எழுத்துத் தமிழில் இன்னொரு முறை எழுதினார். இரண்டையும் அவனே வாசித்தான். எனக்கு இந்த ஆண்டு இது ஒன்றே போதும்.

‘ஆடிக்கிட்டே இருந்தா எப்பப் படிக்கிறது?’ என்று சில பெற்றோர் கேட்டது நியாயமான கவலை. அவர்களை ஒரு வெள்ளிக்கிழமை வந்து உட்காரச் சொன்னோம். வந்தவர்கள் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், ஆடும்போது காட்டும் கை அசைவுகளை எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என்று பிரிக்கிறார். முதலாவது அழகைக் காட்டும், அடுத்தது தொழிலை, மூன்றாவது பொருளை. ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆடும்போது நம் பிள்ளைகளுக்கு முதல் கை மட்டுமே வாய்க்கிறது. வாடகை உடைக்கு ஆகும் பணத்தை வரும் ஆண்டு கூத்து வாத்தியாரின் மதிப்பூதியத்துக்கு ஒதுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. பேரவை ஒப்புதல் தர வேண்டும்.

குறையும் உண்டு. சத்தம் பக்கத்து வகுப்பைத் தொந்தரவு செய்தது. மழைநாளில் ஈரத்தரையில் ஒரு சிறுமி வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அதனால் வகுப்பை மரத்தடிக்கு மாற்றவும், மழை வந்தால் விரிக்க இரண்டு ஜமுக்காளம் வாங்கவும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழையது இருப்பவர்கள் கொடுத்தாலும் சரி.

இப்படிக்கு,
செயலாளர்