ஒருமுறை வந்தால் தீர்ந்ததா?

ஆசிரியருக்கு,

மாரி வந்தால் யாழ்ப்பாணத்தில் டெங்கும் வரும். ‘போன வருசமே வந்திட்டுது, இனிப் பயமில்லை’ என்பதுதான் இதில் ஆபத்தான பேச்சு. டெங்கு வைரசில் நான்கு வகை. மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகையால் பெருகும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்தாமல் ஓயாது மாறும். ஒரு வகை வந்தவருக்கு அதற்கு மட்டுமே நீடித்த எதிர்ப்பு. பிறகு வேறொரு வகை தொற்றினால், முன்னைய தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் அந்த வைரசை அழிக்காமல் அதில் ஒட்டிக்கொண்டு, வெண்குருதிக் கலங்களுக்குள்ளேயே கொண்டுபோய்விடலாம். அங்கே வைரஸ் பெருகி, நோய் கடுமையாகலாம். நான்கில் இரண்டாம் வகை (DENV-2) மேலோங்கிய 2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் 186,000க்கும் மேல்.

தொட்டித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் போதாது. டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில். முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கிழமைக்கொரு தடவை தேங்காய்ப் பொச்சால் உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். புகையடித்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. உவர்நீர்தானே என்று கரையோரத்தாரும் இருந்துவிடக்கூடாது. குடாநாட்டில் உவர்நீரிலும் இதன் குடம்பிகள் கண்டறியப்பட்டுள்ளன.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுறூபன் இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் கண்டம். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூச்சியியல் துறையினர் சிலர்,
யாழ்ப்பாணம்