தாத்தா உட்கார்ந்த இருக்கை

அன்புள்ள செந்திலுக்கு,

மாமா வீட்டுப் பரணில் கிடந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டி போன வாரம் நம் வீட்டுக்கு வந்தது. துணிகளுக்கு அடியில் அவருடைய போர்க்காலப் பறப்புப் பதிவேடு இருந்தது. நான்கு நாட்களாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு தவற்றைத் திருத்த வேண்டும். தாத்தா பைலட் இல்லை. நான்காம் வகுப்பில் நீ "என் தாத்தா விமானம் ஓட்டினார்" என்று கட்டுரை எழுதினாயே, அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்குச் சொன்னது என் பாட்டி. யார் அப்படிச் சொன்னாலும் தாத்தா மறுத்ததில்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். பதிவேட்டில் பைலட் என்ற கட்டத்தில் வேறொருவர் பெயர் இருக்கிறது. பணி என்ற கட்டத்தில், தாத்தாவின் சாய்வில்லாத குண்டு எழுத்தில், பக்கம் பக்கமாக ஒரே சொல்: ஏர் கன்னர், அதாவது விமானத்தில் துப்பாக்கி இயக்குபவர்.

1942 டிசம்பரில் திருச்சியில் தொடங்கிய இந்திய விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவில் இருந்திருக்கிறார். அவர்களுக்குக் கொடுத்தது வெஞ்சன்ஸ் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். அதில் இரண்டே பேர். முன்னால் பைலட், பின்னால், வாலைப் பார்த்தபடி இயந்திரத் துப்பாக்கியோடு கன்னர். 1943 கடைசியில் பர்மாவின் அரக்கான் போர்முனைக்குப் போனார்கள். வெஞ்சன்ஸ் ஏறக்குறைய செங்குத்தாகத் தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம். அப்படிப் பாயும்போது பைலட்டின் கண்ணுக்கு நேரே தரை வரும். தாத்தாவுக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான். முதுகுக்குப் பின்னால் தரை நெருங்கிக்கொண்டே இருக்கும். விமானத்தை நிமிர்த்துவது அவர் வேலை இல்லை. முன்னால் இருப்பவரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்த பிறகு, குண்டு விழுந்த இடத்தில் எழும் புகையும் மண்ணும் முதலில் தெரிவது பின்னால் இருப்பவருக்குத்தான். அதைத்தான் அவர் நம்மிடம் சொல்லாமல் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வயது அவருக்கு அப்போது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. 1944 மார்ச் வரை பைலட் கட்டத்தில் ஒரே பெயர் வருகிறது. பிறகு பதினோரு நாள் பறப்பே இல்லை. அடுத்த வரியிலிருந்து வேறு பெயர். காரணம் எழுதவில்லை. ஸ்குவாட்ரன் ஸ்பிட்பயர் என்ற போர் விமானத்துக்கு மாறியது அதற்குப் பிறகுதான். ஸ்பிட்பயரில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் கன்னர்களுக்கு வேலை போயிற்று. ஆனால் மார்ச்சில் நடந்தது அது இல்லை. போரில் இறந்தவர்களைப் பற்றிய காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் தேடினேன். கல்லறை இல்லாமல் போன விமானப்படையினரின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள், அதிலும் பார்த்தேன். அந்த முதல் பைலட்டின் பெயர் இல்லை. பிழைத்திருக்க வேண்டும்.

நீ இருக்கும் ஊரிலிருந்து லண்டனில் உள்ள கியூ தூரமில்லை. அங்கே பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் ஸ்குவாட்ரன்களின் செயல்பாட்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. படிவம் 540 அன்றன்றைய நிகழ்ச்சிகளைச் சொல்லும். எந்த விமானத்தில் யார் போனார்கள், எப்போது கிளம்பினார்கள், எப்போது திரும்பினார்கள் என்பது 541இல் இருக்கும். தாத்தாவின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதே. நம் முன்னெழுத்து வழக்கம் அந்த எழுத்தர்களுக்குப் புரிந்ததில்லை. இந்த ஒரே பதிவேட்டிலேயே அவர் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். தேதியையும் விமான எண்ணையும் வைத்துப் பார். இரண்டையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வாசகர் அட்டை வாங்க அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். உள்ளே பேனா கூடாது, பென்சில் கொண்டுபோ.

அந்தப் பைலட்டுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர் பெயர் உள்ள பக்கங்களைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்ப ஆசைப்படுகிறேன். அத்தனை முறையும் விமானத்தை நிமிர்த்தித் தாத்தாவைத் தரையிறக்கியவர் அவர்தானே.

அன்புடன்,
அம்மா