நீ வெட்டிய வாய்க்கால்

கார்க், அயர்லாந்து
18 மே 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? தம்பியும் மதினியும் சுகம்தானே? போன் பேசும்போதெல்லாம் "பள்ளிக்கூடத்தில் உனக்கு என்னதான் வேலை?" என்று கேட்கிறாய். நான் சொல்லி முடிப்பதற்குள் பாப்பா போனைப் பிடுங்கிவிடுகிறாள். அதனால்தான் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பா படிக்கும் பள்ளியிலேயே எனக்குத் துப்புரவு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் மேஜை துடைத்து, வகுப்பறைகளைக் கூட்டி, குப்பையைக் கட்டி வைத்துவிட்டு வருவேன். போன செப்டம்பரில் பள்ளியின் பசுமைக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் 'கிரீன் ஸ்கூல்ஸ்' என்ற திட்டத்தை அன் தாஷ்கா என்ற அமைப்பு 1997 முதல் நடத்துகிறது. குப்பை, மின்சாரம், தண்ணீர், பள்ளிக்குப் போய்வரும் விதம், செடி கொடி பூச்சிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வேலை பார்க்கும் பள்ளிக்குப் பச்சைக் கொடி தருவார்கள். கொடி இரண்டு வருஷத்துக்குத்தான். அப்புறம் மறுபடியும் செய்துகாட்ட வேண்டும்.

குழுவில் பிள்ளைகள்தான் அதிகம். கூட ஒரு டீச்சர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர், அப்புறம் நான். "குப்பைத் தொட்டியில் என்ன கிடக்கிறது என்று எங்களைவிட உங்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்" என்று சொல்லித்தான் டீச்சர் கூப்பிட்டார். குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்பது வயதுப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் சொன்னேன். ஒரு பையன் நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டான். கை கழுவித் துடைத்த காகிதம், ஒரே ஒரு கடி கடித்த ஆப்பிள், தொடாத ரொட்டி. அன்றைக்கு எனக்குப் பேச்சு வந்ததே பெரிய காரியம் அம்மா.

மறுவாரம் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வகுப்பு வாரியாகக் குப்பைப் பையை அதில் மாட்டி, எடையைச் சுவரில் எழுதினார்கள். மிச்ச உணவு பழுப்புத் தொட்டிக்குப் போனால் எருவாகும். கறுப்புத் தொட்டிக்குப் போனால் வீண்தான். முதல் நாள் நானே அவசரத்தில் வாழைப்பழத் தோலைக் கறுப்பில் போட்டுவிட்டேன். ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, என் கையைப் பிடித்துப் பழுப்புத் தொட்டியிடம் கூட்டிப்போனாள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இங்கேயும் இப்போது அரசாங்கம் மதியம் சூடான சாப்பாடு தருகிறது. 2019-இல் சில பள்ளிகளில் ஆரம்பித்தது. நல்ல காரியம், பசியோடு ஒரு பிள்ளையும் உட்காரக் கூடாது. ஆனால் எங்கள் பள்ளிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பெட்டியில் வருகிறது. சாப்பிட்டு முடித்ததும் பெட்டிகள் மலையாகக் குவிகின்றன. சோறு ஒட்டிய பெட்டி, கை படாத பெட்டி, எல்லாவற்றையும் நான்தான் பிரிக்க வேண்டும். அப்போதெல்லாம் உன் சத்துணவுக் கூடம் கண்முன் வந்து நிற்கும். ஒரே அண்டா, ஒரே கரண்டி. பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவருவார்கள். மிச்சச் சோறு கழுநீர்த் தொட்டிக்கு, காய்த்தோல் மாட்டுக்கு. ஒரு பொட்டு எதையும் நீ வீணாக்கவில்லை.

போன மாதக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தது. வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊரில் தண்ணீரை ஏன் சேமிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. குழாய்த் தண்ணீரைச் சுத்தப்படுத்தவும் ஏற்றி அனுப்பவும் மின்சாரம் செலவாகிறதே என்று டீச்சர் விளக்கினார். அப்போது நான் உன் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற தண்ணீர் சும்மா ஓடுகிறதே என்று, நீ மண்வெட்டி எடுத்து வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டதையும், அந்த வாழையில் வெட்டிய காயைப் பொரியல் செய்து அதே பிள்ளைகளுக்குப் போட்டதையும் சொன்னேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அப்புறம் கேள்விமேல் கேள்வி. வாய்க்கால் எவ்வளவு ஆழம்? சோப்பு கலக்காதா? சாம்பலும் நாரும் போட்டுத்தான் விளக்குவோம் என்றேன். இப்போது கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்கு அடியில் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்துதான் பட்டாணிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

அந்தப் பாத்திக்கு விதை வாங்கிய காசும் குப்பையில் வந்ததுதான். 2024 பிப்ரவரி முதல் இங்கே பிளாஸ்டிக் பாட்டில், டின் பானம் வாங்கினால் முன்பணம் பிடிக்கிறார்கள். அரை லிட்டர் வரை 15 சென்ட், அதற்கு மேல் 25 சென்ட். காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள எந்திரத்தில் போட்டால் காசுக்குச் சீட்டு வரும். விளையாட்டு விழா முடிந்து மூட்டை மூட்டையாகப் பொறுக்கினோம். இடம் அடைக்கிறதே என்று நான் பாதிப் பாட்டில்களை மிதித்து நசுக்கிவிட்டேன். நசுங்கியதை எந்திரம் வாங்கவில்லை, ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டது. பிள்ளைகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் புல் வெட்டுவதையும் ஏப்ரலில் நிறுத்திவிட்டோம். மஞ்சள் மஞ்சளாக டேன்டிலையன் என்ற புல்வெளிப் பூ பூத்துக் கிடந்தது. குளிர் முடிந்து வெளியே வரும் தேனீக்கு அது நல்ல சாப்பாடு. இந்த நாட்டில் ஏறக்குறைய நூறு வகைத் தேனீக்கள் உண்டாம், அதில் மூன்றில் ஒரு பங்கு அழியும் நிலையில் இருக்கிறதாம். பாப்பா கையெழுத்தில் "இது தேனீக்களுக்கு" என்று ஒரு பலகை நட்டிருக்கிறோம்.

ஒரு உதவி அம்மா. உன் வாய்க்காலைப் படத்தில் பார்க்க வேண்டும் என்று குழுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நீ ஓய்வு பெற்ற பிறகு அது இருக்கிறதோ, தூர்ந்துபோனதோ தெரியவில்லை. தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குப் போய், இப்போது சமைக்கிற அக்காவிடம் கேட்டுவிட்டு, போனில் நாலு படம் எடுத்து அனுப்பச் சொல். வாழை இருந்தால் வாழையோடு. நீயும் பக்கத்தில் நில். சாரல் ஆரம்பிப்பதற்குள் எடுக்கச் சொல், அப்புறம் அந்தப் பக்கம் சேறாகிவிடும்.

உன் அன்பு மகள்