பூணைப் பிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வெள்ளியைக் காசாக்க வழி சொல்லிச் சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. வெள்ளிப் பூண் போட்ட கண்ணாடிக் கூஜா இருந்தால் பூணைப் பிரித்து எடைக்குப் போடலாமாம், கண்ணாடி கழிவாம்.

கோட்டாறில் வெள்ளி வேலை செய்பவன் நான். துரைமார் விட்டுப்போனது, தோட்ட பங்களா ஏலத்தில் எடுத்தது என்று சொல்லி இத்தகைய பூண்களை என் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். கதை உண்மையோ இல்லையோ, வரும்போதே நெளிந்துதான் வருகிறது. கூஜாவைக் கையில் தூக்கினால் தெரியும் கனம் பெரும்பாலும் ஈயம் கலந்த கண்ணாடியின் கனம். தகடு மெல்லியது. வளையத்துக்கு உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நிரப்பியிருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்துத் தராசில் வைக்கும்போது கொண்டுவந்தவர் முகம் வாடிவிடும்.

எடைக்குப் போடுமுன் முத்திரையைப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, இங்கிலாந்து வேலை. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரை குத்தியது, சிறுத்தைத் தலை என்றால் லண்டனில். பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். வரி கட்டியதற்கு அடையாளமான அரசர் தலையைக் குத்தியது 1784 முதல் 1890 வரை. 'ஈ.பி.என்.எஸ்.' என்றிருந்தால் வெறும் முலாம். உருக்குகிற கரிக்கும் கட்டாது.

கண்ணாடியைக் கழிவு என்பது இன்னும் மோசம். வெள்ளி உப்புக்கிண்ணத்துக்குள் நீலக் கண்ணாடிக் குடுவை ஒன்று இருக்கும். அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. உப்பு நேரடியாகப் பட்டால் வெள்ளியை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழித்துவிடும். சாமித்தோப்பு உப்பளத்தை அன்றாடம் பார்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு உப்பின் குணத்தைச் சொல்லவும் வேண்டுமா? அந்த நீலக் குடுவையைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போட்டுவிட்டு, வெறும் கிண்ணத்தில் உப்பை வைத்துக் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கச் சொன்னதும் தவறு. முத்திரையே தேய்ந்துபோகும். சுடுநீரில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டர் இளகிப் பூண் கழன்றுவிடும். மென்மையான துணியும் சிறிது சோப்பு நீரும் போதும். ஈரத்தை உடனே துடைத்துவிட வேண்டும். ஈயக் கண்ணாடி என்பதால் திராட்சை ரசம், வினிகர் போன்ற புளித்தவற்றை அதில் நாள்கணக்கில் ஊற்றி வைக்கவும் கூடாது.

அந்தக் குறிப்பை நம்பி யாரேனும் குறடு எடுப்பதற்குள், அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

— பட்டறைக்காரர் ஒருவர்,
கோட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்