நாற்றம் போய்விட்டால்தான் பயம்: எங்கள் கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் பாதுகாப்பு அதிகாரி சாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை கசடுத் தொட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் என்னோடு வேலை செய்யும் தம்பிக்கு "லேசான தலைசுற்றல்" என்று எழுதியிருப்பார்கள். நான் அவனோடு உள்ளே இருந்தவன். இறங்கும்போது அழுகின முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. கசட்டைக் கிளறிக் கொஞ்ச நேரம் ஆனதும் அந்தத் தம்பி, "அண்ணே, நாத்தம் போயிடுச்சு" என்று சிரித்தான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்து ஏணியில் ஏற்றினேன், பாதி ஏணியிலேயே அவன் கால் மடங்கியது.

அந்த அழுகின முட்டை நாற்ற வாயு, எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. இங்கே சிங்கப்பூரில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்திருப்பதே 10 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு. 100 வாக்கில் போனால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துவிடும், வாயு அங்கேயேதான் இருக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில்தான் தேங்கும், கசட்டைக் கிளறக் கிளற இன்னும் வரும். அப்படியிருக்க, காலையில் மேன்ஹோல் வாயில் ஒரு தடவை டெஸ்ட் செய்து பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாயு அதிகமானால் கத்துகிற டிடெக்டர் இருப்பதே ஒன்று, அதையும் சூப்பர்வைசர் இடுப்பில் மாட்டிக்கொண்டு மேலே நின்றால் யாருக்கு லாபம்? மேலே அவருக்கு நல்ல காற்று சார், அது எதற்குக் கத்தப் போகிறது?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தொட்டிக்குள் இறங்கும் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு டிடெக்டர், ஏறி வரும்வரை.

ஊரில் அம்மா கட்டிவிட்ட வெள்ளி அரைஞாண் என் இடுப்பில் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்தபின் கரியாகக் கறுத்துவிட்டது. பற்பசை போட்டுத் தேய்ப்பேன், இரண்டு மூன்று தொட்டி இறங்கினால் மறுபடியும் கறுக்கும். இப்போதைக்கு எனக்குக் கம்பெனி தராத டிடெக்டர் அதுதான். பேட்டரியும் தேவையில்லை, என்ன, கத்தத்தான் தெரியாது.

2024 மே மாதம் சுவா சூ காங் நீர் ஆலையில் இதே வாயுவால் ஓர் ஊழியர் இறந்தபோது, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நீங்களே வந்து பேசினீர்கள், "பாதுகாப்பே முதல்" என்று எங்களைச் சத்தமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னோம். போஸ்டரும் நாலு மொழியில் ஒட்டினீர்கள், தமிழில் மட்டும் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒரு டிடெக்டர் என்ன விலை என்று கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறார். எம்ஆர்டி ரயிலில் பக்கத்து சீட்டில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவதையெல்லாம் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விடியற்காலையில் கட்டி மதியம் திறக்கும்போது ஊசிப்போயிருக்கும் கேட்டரிங் சாப்பாடு பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும் சார். அந்தத் தம்பிக்கு இன்னும் தலைவலி விடவில்லை. தயவுசெய்து அவனை முறையாக டாக்டரிடம் அனுப்புங்கள். வரும் சனிக்கிழமை அதே தொட்டிக்கு என் பெயரையும் சேர்த்து ஆறு பேர் போட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆறு டிடெக்டர் வந்தால் இறங்குகிறோம்.

இப்படிக்கு,
தொட்டிக்குள் இறங்குபவர்களில் ஒருவன்