திருப்பாதிரிப்புலியூர் ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

என் வலைத்தளத்தில் கட்டுரை எழுதும் பக்கம் நேற்று இரவு திறந்துவிட்டது. இந்த மடலை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். விரல் பட்டதும் எழுத்து வந்து விழுகிறது. இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்காக இப்படி மனம் நிறையும் என்று நான் நினைத்ததே இல்லை. தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் அந்தப் பக்கம் உறைந்துபோனது. பிறகு என்னவெல்லாம் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் என் புலம்பலைப் போனிலேயே கேட்டுவிட்டீர்கள். அந்தக் கதையை மறுபடி ஆரம்பிக்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுங்கன்னு யார் சொன்னாலும் செய்யாதீங்க மேடம்" என்று தடுத்த, சர்வர் நிறுவனத்தின் இரவுப் பணிப் பெண்ணுக்கு நன்றி. லாஸ்பேட்டையிலிருந்து தன் மடிக்கணினியைப் பேருந்தில் கொடுத்தனுப்பிய தோழிக்கு, தினமும் "ஆச்சா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, 2003இல் வெளிவந்த நாளிலிருந்து வேர்ட்பிரஸை இலவசமாகவே வைத்திருக்கிறவர்களுக்கு, அதைத் தமிழாக்கித் தரும் முகம் தெரியாத தன்னார்வலர்களுக்கு, எல்லோருக்கும் என் கும்பிடு.

இனி அந்தத் தம்பியைப் பற்றி.

நான் அங்கே போனது ஆதார் நகல் எடுக்க. போனில் யாரிடமோ அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "என்னம்மா பிரச்சினை?" என்றார். சொன்னேன். கடையில் கூட்டம் குறைந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எதையும் தொடுவதற்கு முன்பு தரவுத்தளத்தையும் கோப்புகளையும் முழுசாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்தார். "எழுத்தெல்லாம் தரவுத்தளத்துல இருக்கு, படமெல்லாம் அப்லோட்ஸ்ல இருக்கு. சிக்கல் ரெண்டுலயும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சீரானது.

பிறகு 'ப்ளகின்ஸ்' என்ற கோப்புறையின் பெயரை மாற்றினார். அப்படிச் செய்தால், வேர்ட்பிரஸோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன நிரல்களான செருகுநிரல்கள் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிடுமாம். எழுதும் பக்கம் உடனே திறந்தது. பழைய பெயரையே திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக உயிர் கொடுத்துக்கொண்டே வந்தார். தமிழில் தட்டுவதற்காக நான் பல வருடம் வைத்திருந்த செருகுநிரலை இயக்கியதும் பக்கம் மறுபடி உறைந்தது. அது பழைய எழுத்துப் பெட்டிக்காக எழுதப்பட்டது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸின் 5.0 பதிப்போடு புதிய எழுத்துப் பெட்டி வந்த பிறகு அதை யாரும் திருத்தவில்லை. அதை எழுதியவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இத்தனை கட்டுரைகளை அதை வைத்துத்தானே தட்டினேன். இப்போது தமிழ்99 விசைப்பலகையில் தட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். தம்பி எழவில்லை. "தமிழ்ல இருக்கறதாலதான் பாக்கணும்மா. எழுத்து உடைஞ்சி கேள்விக்குறியா நின்னாக்கூட அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை, ஒன்று விடாமல். நடுநடுவே ஆள் வந்தால் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்தார். எழுத்து எங்கும் உடையவில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரை கடந்ததைப் பற்றி ஊரார் சொன்னவற்றை வைத்திருந்தேனே, அந்தப் பக்கங்களில் படம் இருந்த இடமெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதோ குறியீடு மட்டும் நின்றது. படங்களை அடுக்கித் தந்த செருகுநிரலும் பழையது என்று அதை அணைத்தே வைத்திருந்தார்; அதனால் வந்தது இது. நானாக இருந்தால் எப்போது கண்ணில் பட்டிருக்குமோ. பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்த பலா மரங்கள், முந்திரித் தோப்புகள், கூரை போன வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் என்று ஒவ்வொரு படத்தையும் தேடியெடுத்து அதனதன் இடத்தில் வைத்தார். யாரும் கேட்காத வேலை அது. கேட்கத் தெரியாத வேலை என்றும் சொல்வேன்.

ஜெராக்ஸ் காசை மட்டும்தான் வாங்கிக்கொண்டார். பெயரைப் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இந்தப் பக்கங்களில் இருப்பது பெரும்பாலும் என் எழுத்து இல்லை. சோனங்குப்பத்திலும் தாழங்குடாவிலும் திண்ணையில் உட்கார்ந்து எனக்காக நேரம் ஒதுக்கியவர்களின் பேச்சு. அவர்களில் சிலர் இன்று இல்லை. போனால் திரும்பக் கேட்டு வாங்க முடியாத பேச்சு என்பதால்தான் அவ்வளவு தவித்தேன். இனி மாதம் பிறந்தால் ஒரு நகல் என் வீட்டில் இருக்கும், இன்னொன்று லாஸ்பேட்டைத் தோழியிடம் இருக்கும். புதிய பதிப்பு வந்தால் முதலில் அந்த நகலில்தான் போட்டுப் பார்ப்பேன். இதை உங்கள் எல்லோரிடமும் வாக்காகவே சொல்கிறேன்.

கட்டுரைகளைப் பார்த்துக்கொண்டே வந்த தம்பி, கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றின் பெயர்களைத் தொகுத்த பக்கத்தில் கொஞ்சம் நின்றார். "எங்க பாட்டி இத வேற மாதிரி சொல்லும்மா" என்றார். அவர் தேவனாம்பட்டினத்துக்காரர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறாராம், வெயில் ஏறுவதற்குள் வரச் சொன்னாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன்.

அன்போடும் நன்றியோடும்,
மஞ்சக்குப்பத்திலிருந்து